லவீனியா பெட்டிஃபர்டின் ஒப்பந்தத்தில் நான் கிழித்த சீட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் டர்ஹாம் அவர்களே, எங்கள் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே, நமது வார இதழின் ஆசிரியர் திரு. ட்ரூயிட் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் மிஸ் லவீனியாவின் மகள் டெல்ஃபீன் அம்மா அவர்களே, மறைந்த நம் பாடகியை நினைவுகூரப் பனியைப் பொருட்படுத்தாமல் இந்த ஆலயத்தின் கீழ்க்கூடம் நிறைய வந்திருக்கும் சிகாகோ தெற்குப் பகுதி மக்களே!

என் பெயர் ஆம்ப்ரோஸ் கெய்தர். இருபத்தொன்பது ஆண்டுகள் மிஸ் லவீனியாவுக்குப் பியானோ வாசித்தேன். இத்தனை ஆண்டுகளும் அவருக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தேன். இன்று முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறீர்கள். மூன்று தாள்களில் எழுதி வந்திருக்கிறேன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பியானோக்காரர்களைப் புரொபசர் என்று அழைப்பது நம் வழக்கம். அவரும் என்னை அப்படித்தான் அழைத்தார், கேலியோடு. பாடல் வரிசையை நான் எண் போட்டு எழுதி நீட்டும்போதெல்லாம், "புரொபசர், நீங்க கனவுகூட வரிசை எண் போட்டுத்தான் காண்பீங்க போல" என்பார்.

அவரைப் பணியவைக்க முயன்றவர்கள் எத்தனை பேர்! கலிஃபோர்னியாவில் ஒரு படக்காரர் வேலைக்காரி வேடத்துக்கு அழைத்து ஏப்ரனை நீட்டினார். மிஸ் லவீனியா அதை வாங்கி, அழகாக மடித்து, அவர் மடியிலேயே வைத்தார். "ஏப்ரன் என் வீட்டுல இருக்குங்க. அத என் அடுப்புக்கு மட்டுந்தான் கட்டுவேன்" என்றார். அதற்குப் பிறகு ஆறு ஆண்டுகள் எந்தப் படத்துக்கும் அழைப்பு வரவில்லை. அதற்காக அவர் ஒரு நாளாவது வருந்திப் பார்த்தேனா? இல்லை. தேவாலயங்களில் பாடினார், பள்ளிக்கூடங்களில் பாடினார், நடன அரங்குகளில் பாடினார்.

பாடிய இடமெல்லாம் ஒரு நிபந்தனை வைத்தார். நிறம் பார்த்து மக்களைப் பிரித்து உட்காரவைக்கும் அரங்கில் பாடுவதில்லை. அச்சடித்த ஒப்பந்தத் தாளில் அப்படியொரு வரி ஏது? நான்தான் அதைச் சிறு சீட்டில் தட்டச்சு செய்து, மாவுப்பசை தடவி, ஏழாவது விதிக்குக் கீழே ஒட்டுவேன். அவர் கையெழுத்திடுவார். நூற்றுக்கணக்கான சீட்டுகள் ஒட்டியிருக்கிறேன்.

சற்றுமுன் போதகர் அன்போடு பேசும்போது, அவரும் மனிதப்பிறவிதானே, ஒரே ஒரு முறை அந்த நிபந்தனையை விட்டுக்கொடுத்தார் என்றார். போதகர் மீது தவறில்லை. நமது வார இதழ் அன்று அப்படித்தான் எழுதியது. டெல்ஃபீன் அம்மாவின் பள்ளியில், உன் அம்மா வெள்ளைக்காரர்களுக்கு விலைபோனவள் என்று சொல்லி அழவைத்திருக்கிறார்கள். ஆகவே கையிலிருக்கும் இரண்டாம் தாளை விட்டுவிட்டு, இதுவரை ஊரறியச் சொல்லாததைச் சொல்கிறேன்.

அவர் விட்டுக்கொடுக்கவில்லை. சீட்டைக் கிழித்தவன் நான்.

ஐம்பத்தொன்றாம் ஆண்டு, தெற்கே ஒரு புகையிலை நகரம். ஒப்பந்தம் பேச நான் முன்கூட்டியே தனியாகப் போயிருந்தேன். அரங்க உரிமையாளர் கதவைச் சாத்திவிட்டு, இந்த ஊரில் இப்படியொரு தாளோடு வந்தவன் ரயில் ஏறித் திரும்பியதில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பசை காயவில்லை. நகத்தால் உரித்தேன். மிஸ் லவீனியா வழக்கம்போல என்னை நம்பி, படிக்காமலேயே கையெழுத்திட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நிகழ்ச்சி. திரையின் ஓரத்திலிருந்து இருவரும் பார்த்தோம். கீழே முழுக்க வெள்ளையர். நம் மக்கள் எல்லோரும் மேல்மாடத்தில்.

"சீட்டு ஒட்டினீங்கல்ல, புரொபசர்?"

"இல்லைம்மா. பயந்து கிழிச்சுட்டேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. மேலே எத்தனை பேர் என்று மட்டும் கேட்டார். எண்ணி வைத்திருந்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு. விடியற்காலையிலேயே லாரிகளில் ஏறி வந்தவர்கள் என்றும் சொன்னேன்.

"இங்க நின்னு பாடினா என் வாக்கு போச்சு. பாடாம போனா அவங்க வந்தது வீணாப்போச்சு" என்றார். பிறகு கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். "நீங்க பியானோவுல உக்காருங்க. நான் எனக்குன்னு ஒதுக்கின இடத்துல போய் உக்கார்றேன்."

பின்வாசல் வழியாக வெளியே போய், சந்தில் இருந்த இரும்புப்படியில் அந்தப் பச்சைப்பட்டு கவுனோடு ஏறினார். மாடத்தின் முதல் வரிசையில், இரண்டு புகையிலைத் தொழிலாளிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பாடத் தொடங்கினார். விலையுயர்ந்த இருக்கைகளில் இருந்தவர்கள் கழுத்தைத் திருப்பி அண்ணாந்து பார்த்தார்கள். உரிமையாளர் ஓடிவந்து எனக்கு முன்னால் திரையை இறக்கினார். என் விரல்கள் நின்றுவிட்டன. இரண்டு வரிகள் அவர் தனியாகவே பாடினார். மூன்றாவது வரியில் நான் சேர்ந்துகொண்டேன். அது தைரியமல்ல, நண்பர்களே. திரை மறைத்திருந்தது, அவ்வளவுதான். கீழே பாதிப்பேர் எழுந்து போனார்கள். மீதிப்பேர் ஒரு மணி நேரம் கழுத்து வலிக்கக் கேட்டார்கள்.

மறுவாரம் நம் வார இதழின் நிருபர் ஒப்பந்தத்தைக் காட்டி, அந்த வரியை எடுத்தது யார் என்று கேட்டார். நான் இரண்டடி பின்னால், மிஸ் லவீனியாவின் மேலங்கியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"கையெழுத்து என்னோடது. வேற பேரு எதுக்கு?" என்றார் மிஸ் லவீனியா.

காரில் ஏறியதும், நான் பத்திரிகைக்கு எழுதிவிடுகிறேன் என்றேன். "எழுதினா உங்கள யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டாங்க. என்னை வைவாங்க, ஆனா கூப்பிடுவாங்க. தைரியம் வந்தப்புறம் சொல்லுங்க புரொபசர், அவசரமில்ல" என்றார். அவசரமில்லை என்றதை நான் இருபத்துமூன்று ஆண்டுகள் பிடித்துக்கொண்டேன்! கொடுத்த சலுகையை வேறு யார் இப்படித் தின்றிருப்பார்கள்? அவர் கேட்கும்படி நான் இதைச் சொல்லியிருக்க வேண்டாமா?

டெல்ஃபீன் அம்மா, உங்கள் தாயார் விலைபோகவில்லை. என் பயத்தைத் தன் பெயரில் எழுதிக்கொண்டார். திரு. ட்ரூயிட், மூன்றாம் தாளில் இதெல்லாம் என் கையொப்பத்தோடு இருக்கிறது. கீழே இறங்கியதும் உங்களிடம் தருகிறேன். அன்று அந்தச் செய்தி வந்த அதே முதல் பக்கத்தில் போடுங்கள்.

மிஸ் லவீனியா கடைசிவரை சனிக்கிழமைகளில் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, புதிதாகப் பாட வருகிறவர்களின் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படித்துக் கொடுத்தார். அந்த நாற்காலி இப்போது காலியாக இருக்கிறது. அதில் உட்கார எனக்குத் தகுதி உண்டா என்று மூன்று இரவுகளாக யோசித்தேன். விடை தெரியவில்லை. ஆனாலும் இந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு அங்கே இருப்பேன். முதலில் வருகிறவரிடம் நான் கிழித்த சீட்டைப் பற்றிச் சொல்வேன். அதன் பிறகும் அவர் எழுந்து போகாமல் இருந்தால், இருவரும் சேர்ந்து முதல் விதியிலிருந்து படிப்போம்.