நெல்லிக்காய் அளவுக் கல்

சிவன்மலை ஆண்டவர்மேல் ஆணையாக, ஆனைமலை மாசாணியம்மன்மேல் ஆணையாக, என் இரண்டு கண்களின்மேல் ஆணையாக (இடது கண்ணில் புரை விழுந்துவிட்டது, இருந்தாலும் அதையும் சேர்த்துக்கொள்ளவும்), இதில் நான் எழுதுகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷனில் கொடுத்த டீ நன்றாக இருந்தது. இஞ்சி தட்டிப் போட்டிருந்தார்கள்.

"நடந்தத உங்க கையாலயே எழுதிக் குடுத்துருங்க பெரியவரே, கத மட்டும் உட்டுறாதீங்க" என்று இன்ஸ்பெக்டர் வெங்கடபதி அவர்கள் சொன்னார். கதை எனக்கு வராது. என் பெயர் சுப்பண்ணன். வயது எழுபத்தொன்று. பூர்வீகம் காங்கேயம் பக்கம். எங்கள் காட்டில் உழும்போது மண்ணுக்குள்ளிருந்து கண்ணாடி மாதிரி கல் கிளம்பும். எங்களிடம் ஒரு எருது இருந்தது. நல்ல கல்லாக இருந்தால் மட்டும் ஏரோடு நின்றுவிடும், சோடைக் கல்லென்றால் மிதித்துக்கொண்டு போய்விடும். அந்த எருதை விற்றபோது வாங்கிக்கொண்டு போனவர் நகைக்கடைக்காரர். இதெல்லாம் வழக்குக்குத் தேவையில்லை. ஆனால் உண்மை.

தாங்கள் கேட்டவை இரண்டு கேள்விகள். பிரான்சிஸுக்கு நான் விற்றது என்ன என்பது ஒன்று. என் மனைவி பழனாத்தாள் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்பது இன்னொன்று.

முதல் கேள்வி சுலபம். படிகாரம்.

சலூனில் சவரம் முடிந்ததும் தாடையில் தேய்ப்பார்களே, அதேதான். பெரிய துண்டாக வாங்கி, ஈரத்துணியால் உருட்டி உருட்டித் தேய்த்தால் எலுமிச்சம்பழம் மாதிரி வழுவழுப்பாகிவிடும். மேலே கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் ஸ்படிகம் தோற்றுப்போகும்.

ஆரம்பத்திலேயே நான் அப்படிச் செய்யவில்லை. காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் கற்களை வைத்து வியாதி தீர்க்கும் வகுப்பு நடத்தினார்கள். எங்கள் பக்கத்துக் கற்களைக் கொண்டுபோய்க் கொடுக்கப் போனவன், கேட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். கல் வியாதியை இழுக்கும், இழுத்து இழுத்து நிறைந்துவிடும், அதனால் வாரம் ஒருமுறை உப்புத் தண்ணீரில் கழுவி, அந்தத் தண்ணீரைக் கால் படாத இடத்தில் ஊற்ற வேண்டும் என்றார்கள். பௌர்ணமிக்கு நிலாவிலும் வைக்க வேண்டுமாம். நானும் கணபதிப் பகுதியில் என் வீட்டு முன்னால் ஒரு பெஞ்சு போட்டு அதையே சொல்ல ஆரம்பித்தேன். மூன்று வருடம் நான் விற்றது அத்தனையும் அசல் கல்.

ஜனங்கள் எதற்காகக் கல்லைக் கழுவுகிறார்கள் என்று தாங்கள் சிரித்துக்கொண்டே கேட்டீர்கள். தீராத வியாதிக்காரர் இருக்கிற வீட்டுக்குத் தாங்கள் போயிருக்கலாம். அங்கே டாக்டருக்கு வேலை இருக்கிறது. நர்ஸுக்கு வேலை இருக்கிறது. வியாதிக்குக்கூட நாள் முழுக்க வேலை இருக்கிறது. மகனுக்கு மட்டும் வேலை இல்லை. கட்டில் பக்கத்தில் நிற்பான், கையை எங்கே வைப்பதென்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் ஒரு கல்லையும் ஒரு பிடி உப்பையும் கொடுத்துப் பாருங்கள். உட்கார்ந்துவிடுவான். குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் கழுவுவான். அப்படிக் கழுவுகிறவன் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்காகத்தான் விற்றேன் என்றால் நம்பமாட்டீர்கள்.

அசல் கல்லில் ஒரு குறை இருந்தது. அதில் எதுவும் நடக்காது. நூறு தடவை கழுவினாலும் அப்படியேதான் இருக்கும்.

"ஏனுங்க, நானும் ஆறு மாசமாக் கழுவறனுங்க. உள்ள இருந்து ஏதாச்சும் போகுதுங்களா, இல்லீங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அடுத்த வாரம் சலூனில் உட்கார்ந்திருந்தபோது, தேய்ந்து தேய்ந்து சில்லாகிப்போன படிகாரத்தைப் பார்த்தேன். பதில் கிடைத்தது.

அன்றிலிருந்து என் கல் கரைந்தது. கரையக் கரைய வியாதியும் கரைகிறது என்று சொன்னேன். ஜனங்கள் கல்லைப் பார்த்து அழுதார்கள், சந்தோஷத்தில். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் இன்னும் வேகமாகச் சந்தோஷப்பட்டார்கள்.

மாத்திரையும் கல்லும் ஒரே வீட்டில் இருந்தால் கல் குழம்பிவிடும் என்றும் சொல்லியிருந்தேன். பக்கத்துத் தெரு முத்தாத்தாள் அதைக் கேட்டுச் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். முதலில் ஒரு கால் போயிற்று. அதற்கு அப்புறம் அவரே போய்விட்டார். நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. குழம்பிவிடும் என்றுதான் சொன்னேன். இதைத் தாங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் எல்லாவற்றையும் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன்.

பிரான்சிஸ் எங்கள் வீதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறவர். அம்மாவின் முழங்கால் வலிக்காக என்னிடம் கல் வாங்கினார். போன மாதம் அவர் சம்சாரம் கல்லைக் கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுத் துணி காயப்போடப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் குண்டாவில் தண்ணீர் மட்டும் இருந்திருக்கிறது.

குண்டாவோடு என் பெஞ்சுக்கு வந்தார் பிரான்சிஸ்.

"பெரியவரே, கல்லு எங்கீங்க?"

"வியாதி தீந்துபோச்சு தம்பி. அதான் கல்லும் தீந்துபோச்சு."

"வலி அப்படியே இருக்குதுங்க. கல்லத்தான் காணோம்."

அப்புறம் அவர் விரலைத் தண்ணீரில் விட்டு நாக்கில் வைத்தார். முகம் சுருங்கிற்று. "சலூன் ருசிங்க" என்றார். பெஞ்சில் இருந்த ஆறு பேரும் எழுந்துவிட்டார்கள். "உங்க பேரச் சொல்லி ஆனைமலைல மொளகா அரைச்சு அப்பீருவனுங்க" என்று ஒரு அம்மா கத்தினார். ஏமாற்றினவனைத் தண்டிக்கச் சொல்லி மாசாணியம்மனுக்கு மிளகாய் அரைத்துப் பூசுவது எங்கள் பக்கத்து வழக்கம். பிரான்சிஸ் அவ்வளவு தூரம் போகவில்லை. ஸ்டேஷன் பக்கம் என்பதால் இங்கே வந்துவிட்டார். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல மனுஷர்.

இனி இரண்டாவது கேள்வி.

பழனாத்தாளுக்கு வயது அறுபத்துநான்கு. எனக்கு வாழ்க்கைப்பட்டு நாற்பத்தாறு வருடம். "உங்க வாய்க்குப் பூட்டுப் போட்டா, அந்தச் சாவியும் உக்காந்து கத சொல்லுமுங்க" என்பாள். வீட்டுப் பின்னால் நான் கல் தேய்க்கிற பட்டறைக்குள் அவளை விட்டதே இல்லை. கல் தூசு நெஞ்சுக்கு ஆகாது என்று சொல்லி வைத்திருந்தேன். அதையும் நம்பியிருந்தாள்.

போன ஆடியில் அவள் மார்பில் ஒரு கட்டி தெரிந்தது. அவினாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டால் பயமில்லை, திங்கட்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார் டாக்டர். தள்ளிப்போட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

திங்கட்கிழமை காலையில் பிரான்சிஸ் தன் வேனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அப்போது அவருக்கு நான் பெரியவர்தான், குற்றவாளி இல்லை. பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கல். பழனாத்தாள் மாற்றுச் சேலையைப் பையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வேனைப் பார்த்தாள், பெஞ்சைப் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ஏனுங்க, ஊருக்கெல்லாம் கல்லுக் குடுக்கறீங்க. எனக்குக் கத்தியா, கல்லுங்களா? நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதச் செய்யறனுங்க."

ஒன்பது பேரும் என் வாயைப் பார்த்தார்கள்.

கத்தி என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்தான். அதைச் சொன்னால் ஒன்பது கல்லும் அந்த இடத்திலேயே படிகாரமாகிவிடும். முத்தாத்தாளின் மகன் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறான், அவன் காதுக்கும் போய்விடும்.

"கல்லு பாத்துக்கும்" என்றேன்.

அவள் "அப்பச் சரிங்க" என்று சொல்லி, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வேனைத் திருப்பி அனுப்பியது நான்தான். பிரான்சிஸ் தம்பி சாட்சி.

நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை. அவள் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்தபோது எனக்குள் ஒரு கெடு வைத்துக்கொண்டேன். கல் கரைந்து கொட்டைப்பாக்கு அளவுக்கு வருகிற அன்று அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுவது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவது. மிஞ்சினால் இரண்டு மாதம். நியாயமான ஏற்பாடாகத்தான் பட்டது. கண் திட்டம் தப்பிவிடக் கூடாதென்று பிரான்சிஸ் பட்டறையிலிருந்து இரும்பு அளக்கிற வெர்னியரை இரவல் வாங்கி வைத்துக்கொண்டேன். இருபது மில்லிமீட்டர் வந்தால் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலையில் குளித்துவிட்டு அவளே கல்லைக் கழுவுவாள். கழுவித் துடைத்து என் கையில் கொடுப்பாள். ஒவ்வொரு வாரமும் ஒரே கேள்வி கேட்பாள்.

"என்றகிட்டச் சொல்றதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

நான் ஏதாவது சொல்வேன். கல்லுக்காக நின்ற எருதைப் பற்றி, எங்கள் கிணற்றில் இடி விழுந்து தண்ணீர் மூன்று நாள் கொதித்ததைப் பற்றி. அவள் கடைசிவரைக்கும் கேட்டுவிட்டு, "அவ்வளவுதானுங்களா?" என்பாள். அவ்வளவுதான் என்பேன்.

கல் நாற்பத்திரண்டு மில்லிமீட்டரில் ஆரம்பித்தது. அடுத்தடுத்த வாரம் முப்பத்தெட்டு, முப்பத்துமூன்று, இருபத்தொன்பது என்று இறங்கிற்று. ஐந்தாவது வாரம் இருபத்தாறு, அதாவது ஒரு நல்ல நெல்லிக்காய் அளவு. அன்றைக்குக் காலையில் எனக்குக் கை நடுங்கிற்று. இன்னும் ஒன்றிரண்டு வாரம்தான் என்று தெரிந்துவிட்டது. அவள் பார்க்கும்படியாகத்தான் நடுங்கிற்று. "என்னங்க, கை இந்த ஆட்டம் ஆடுது?" என்று கேட்டாள். குளிர் என்றேன். புரட்டாசி வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வெள்ளி அளந்தேன். இருபத்தாறு.

அதற்கு அடுத்த வெள்ளியும் இருபத்தாறு. ஒரு வாரம் இருபத்தேழு இருந்தது. வளர்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நான் கல்லோடு பிறந்தவன். படிகாரம் தண்ணீரில் வளராது. அசல் கல்தான் கழுவக் கழுவக் குறையாமல் இருக்கும். நான் வேறு என்ன நினைப்பேன்? நாற்பத்தாறு வருடம் என் பேச்சை நம்பியவள் கையில் பட்டுப் பட்டு அது அசலாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். அன்றைக்குத்தான் பல வாரம் கழித்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். நான் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பொய்யே இல்லாதபோது எதை ஒத்துக்கொள்வது?

ஐப்பசியில் அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கி வெடித்திருந்தது. உப்புத் தண்ணீர் என்றாள். கார்த்திகையில் இடது கையைத் தூக்க முடியவில்லை. வலது கையாலேயே கழுவினாள். மார்கழியில் சேலைக்கு மேலேயே கட்டி தெரிந்தது என்று பிரான்சிஸின் சம்சாரம் சொல்கிறார். நான் பார்க்கவில்லை. கல்லை ஒவ்வொரு வாரமும் அளந்தேன். கட்டியை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

பிரான்சிஸ் தை மாதத்தில் மறுபடியும் வேனோடு வந்தார். "பெரியவரே, உங்க காலு வேணும்னாலும் புடிக்கறனுங்க, ஆத்தாள ஏத்துங்க" என்றார். நான் இருபத்தாறு என்றேன். அவருக்குப் புரியவில்லை. உள்ளே கட்டிலில் இருந்து பழனாத்தாள், "உட்ருங்க தம்பி, அவுரு சொன்னாச் சரியா இருக்கும்" என்றாள்.

மாசி முதல் வெள்ளிக்கிழமை கல்லை என் கையில் கொடுத்தாள். வழக்கமான கேள்வியைக் கேட்க மூச்சு போதவில்லை, என் முகத்தை மட்டும் பார்த்தாள். நான் எருதை விற்ற கதையைச் சொன்னேன். பாதியில் கண்ணை மூடிக்கொண்டாள். மீதியையும் சொல்லி முடித்தேன். அளந்தேன். இருபத்தாறு. சனிக்கிழமை காலையில் போய்விட்டாள்.

அந்தக் கல் அசல்தானா என்று பார்ப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பிரான்சிஸ் செய்தது மாதிரி நாக்கில் வைத்தால் போதும். இருபத்துச் சொச்சம் வெள்ளிக்கிழமை என் கையில் இருந்தது. வைக்கவில்லை. நம்பிக்கையைச் சோதிப்பது மரியாதை இல்லை.

ஆகவே, பிரான்சிஸுக்கும் முத்தாத்தாளுக்கும் மற்றவர்களுக்கும் விற்றது படிகாரம். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். பழனாத்தாளிடம் நான் கொடுத்ததும் முதலில் படிகாரம்தான், ஐந்து வாரம். அதற்கப்புறம் அவளிடம் இருந்தது அசல் கல். அசல் கல் இருந்தும் அவள் போனது விதி. அதில் என் பங்கு எதுவும் இல்லை. என் மனைவியை நான் ஏமாற்றவில்லை. இதுதான் என் வாக்குமூலம்.

நேற்று என் முன்னிலையில் வீட்டைச் சோதித்து எடுத்த பொருள்களையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னீர்கள். என் பட்டறையில் எடுத்தவை: வெர்னியர் ஒன்று, பிரான்சிஸுக்குச் சொந்தம். படிகாரம் அரை மூட்டை. தேங்காயெண்ணெய் ஒரு புட்டி. பழனாத்தாளின் சேலைப் பெட்டியின் அடியில், மாற்றுச் சேலை வைத்த அந்த ஆஸ்பத்திரிப் பைக்குள் எடுத்தவை: ஈரத்துணியால் தேய்த்து நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி வைத்த படிகாரம், ஒன்பது.