காதுதானே போச்சு

ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் அக்காளும் தங்கையுமாக இரண்டு பேர். தலை நரைத்த அக்காவின் காதில் புத்தம்புதிய காது மெஷின்.

"எனக்குக் காதுதானே போச்சு? வாயும் போயிருச்சா?"

அக்கா போட்ட சத்தத்தில் டிரைவரே கண்ணாடியில் பார்த்தார்.

"அதுக்கில்லக்கா..."

"பின்ன எதுக்கு? எத்தன வருசமா சர்ச்ல ஞாயித்துக்கிழம பூசைக்கு வாசகம் வாசிச்சவ நான். எழுத்தப் பாத்து வாசிக்கிறதுக்குக் காது எதுக்குடி? நான் வாசிக்க வேணாம்னு ஃபாதர்கிட்ட நீதானே போய்ச் சொன்ன?"

"ஒனக்கு மறதி வந்துருச்சுன்னு நெனச்சோம் லா. ஒண்ணு கேட்டா வேற ஒண்ணு சொன்ன. அப்புறம் பேசுறதயே விட்டுட்ட. சாப்பிடக்கூட ரூம விட்டு வரல."

"வந்து? 'என்ன, என்ன'ன்னு ரெண்டு தடவ கேட்டா, 'ஒண்ணுமில்ல, விடு'ன்னுவீங்க. எல்லாரும் சிரிப்பீங்க, எதுக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த மேசையில ஒக்காந்து நான் என்ன செய்ய? டாக்டர் காத டெஸ்ட் பண்ண பெறகுதானே ஒங்களுக்குப் புத்தி வந்துச்சு! அதுவரைக்கும் நான் பைத்தியம்."

"இப்பதான் மெஷின் மாட்டியாச்சே. மறுபடியும் வாசிக்கலாம்க்கா."

"வாசிப்பேன். நீ போய் பெர்மிசன் கேக்க வேணாம்."

தங்கை சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தாள். "மெதுவாப் பேசுக்கா. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். நீங்கல்லாம் மெதுவாப் பேசிப் பேசித்தான் நான் ஊமையானேன்."