டென்ஸ் வாத்தியார் வீட்டுக்குச் சம்பந்தி வர்றாங்க

— இன்னொரு தடவை சொல்லு பாப்போம். கதவைத் திறந்ததும் சம்பந்தியம்மாகிட்ட என்ன சொல்லப் போறே?

— கம், கம். மை ஹவுஸ், யுவர் ஹவுஸ்.

— வெர்ப் எங்கே?

— என்னது?

— வெர்ப். வினைச்சொல். முப்பத்திரண்டு வருஷம் ஒரு இங்கிலீஷ் இலக்கண வாத்தியாரோட குடித்தனம் பண்ணியிருக்கே, வினைச்சொல் இல்லாம வாக்கியம் நிக்காதுன்னு தெரியலை. இந்தப் பக்கம் ஒரு ஹவுஸ், அந்தப் பக்கம் ஒரு ஹவுஸ். நடுவுல ஒண்ணுமே கிடையாது.

— இல்லாட்டி என்ன. அவங்க வந்து உக்காரப் போறது ஒரே வீட்லதானே.

— இதுதான், இந்தத் திமிர்தான். அடிப்படை தெரியாதவங்களுக்குத்தான் இது வரும்.

— கொஞ்சம் தள்ளுங்க. சோபாவெல்லாம் சாக்பீஸ் பொடி. நேத்து டியூஷன் பிள்ளைங்களை இதுலயா உக்கார வெச்சீங்க?

— வேற எங்கே உக்கார வெப்பேன்? இலக்கண அட்டை எல்லாம் இந்தச் சுவத்துலதானே இருக்கு.

— அதைக் கழட்டுங்கன்னு நேத்தே சொன்னேன். விருந்தாளி வர்ற அறையில அறுபத்துநாலு அட்டை. பாத்தா வீடு மாதிரியா இருக்கு?

— நௌன்ல ஆரம்பிச்சு ஜெரண்ட் வரைக்கும் அறுபத்துநாலு. இருக்கட்டும். அவங்களும் பாத்துக் கத்துக்கட்டும்.

— அவங்களா? அது அவங்க தாய்மொழிங்க.

— தாய்மொழின்னா? ஜெரண்ட்னா என்னன்னு மாப்பிள்ளைகிட்ட கேளுன்னு நம்ம பொண்ணுகிட்ட சொன்னேன். அது ஏதாவது வியாதியான்னு கேட்டானாம். செய்யற வேலையைச் சொல்ற சொல்லே பெயராட்டம் வந்து உக்காந்தா அது ஜெரண்ட். எங்கிட்ட வர்ற ஏழாங்கிளாஸ் பிள்ளை தூக்கத்துல கூடச் சொல்லும்.

— ஆமாமா, தூக்கத்துல சொல்லும். முழிச்சிருக்கறப்ப தண்ணி வேணும்னு இங்கிலீஷ்ல கேக்கத் தெரியாது.

— கேக்கக் கூடாது. அதுதான் என் முறை. அறுபத்துநாலையும் ஒப்பிக்கிற வரைக்கும் என் வகுப்புல ஒருத்தரும் இங்கிலீஷ்ல வாயைத் திறக்கக் கூடாது. தப்பாப் பேசிப் பழகிட்டா அப்புறம் திருத்தவே முடியாது. உன்னை மாதிரி.

— ஒப்பிச்ச பிறகு யாராவது பேசியிருக்காங்களா?

— அது அவங்க பாடு.

— நம்ம பொண்ணும் இந்தச் சுவத்தைப் பாத்துத்தான் ஒப்பிச்சா. வெளிநாட்டுல வேலைக்குப் போன இடத்துல ஒரு வருஷம் வாயே திறக்கலை. பக்கத்து சீட்டுக்காரி ஒருத்திதான் டீ குடிக்கக் கூட்டிட்டுப் போய்ப் போய் அவளைப் பேச வெச்சா.

— அஸ்திவாரம் நான் போட்டது.

— சரிதான். அதுக்கு மேல ஒரு செங்கல் வைக்கலை.

— இங்கே பாரு. நான் ஒரு முடிவு பண்ணியிருக்கேன். அவங்க இருக்கற மூணு நாளும் நீ சமையல் ரூமோட இரு. காபி கொண்டா, வை, சிரி, உள்ளே போ. பேசறதை நான் பாத்துக்கறேன்.

— என்ன சொன்னீங்க?

— இந்த வீட்டுக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. தெருவே என்னை டென்ஸ் வாத்தியார்னு கூப்பிடுது.

— கிண்டலுக்குக் கூப்பிடறாங்க.

— எதுக்கோ கூப்பிடறாங்க. அந்த வாத்தியார் பொண்டாட்டி வெர்ப் இல்லாம உளறிட்டு நின்னான்னு அவங்க ஊர்ல போய்ச் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

— நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறாம அந்தம்மாகிட்ட போன்ல பேசறேன். சிரிக்கத்தான் சிரிக்கறாங்க, நானும்தான் சிரிக்கறேன். அவங்களுக்கு இடது முட்டி வலி. வீட்டுக்காரர் கொறட்டை தாங்காம அடுத்த ரூம்ல படுக்கறாங்க. கூடப் பொறந்த தங்கச்சிகிட்ட அஞ்சு வருஷம் பேச்சு இல்லாம இருந்து, போன மாசம்தான் பேசினாங்க. அதைச் சொன்னப்ப ரெண்டு பேரும் அழுதோம்.

— கொறட்டைக்கு இங்கிலீஷ்ல என்ன சொன்னே?

— கொர்ருன்னு விட்டுக் காட்டினேன்.

— கடவுளே.

— அவங்களும் விட்டுக் காட்டினாங்க. அவ்வளவுதான், புரிஞ்சுபோச்சு.

— இதைப் போய்ப் பேச்சுங்கறே. பாஸ்ட் டென்ஸ் கிடையாது, ஆர்ட்டிகிள் கிடையாது. 'யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்'. நேத்து போனதை இன்னைக்குப் போற மாதிரி சொல்றே. பச்சைக் குழந்தைக்குத் தலையாட்டற மாதிரி அந்தம்மாவும் தலையாட்டியிருப்பாங்க.

— பாத்துப் பேசுங்க. அவங்க எனக்கு ஃப்ரெண்டு. எனக்குன்னு இருக்கற ஒரே ஃப்ரெண்டு. நேர்ல பாக்க நாலு வருஷம் காத்திருக்கேன், சமையல் ரூம்ல ஒளிஞ்சுக்க மாட்டேன்.

— ஒளியச் சொல்லலை. வாயை மூடிட்டு இருக்கச் சொல்றேன்.

— சரி, நீங்கதான் பேசுங்களேன். என்ன பேசுவீங்க?

— எழுதி வெச்சிருக்கேன். வெள்ளிக்கிழமையிலேர்ந்து எழுதறேன். 'வி ஹாவ் பீன் வெயிட்டிங்'னு ஆரம்பிக்குது. பிரசண்ட் பெர்ஃபெக்ட் கன்டினியுவஸ். எப்பவோ ஆரம்பிச்சு இந்த நிமிஷம் வரைக்கும் நடந்துட்டிருக்கற செயல். அதுல ஒரு கமாவைக் கூட எவனும் அசைக்க முடியாது.

— அதுக்கு அவங்க ஏதாவது பதில் சொல்லுவாங்களே?

— சொல்லட்டும்.

— அந்தப் பதிலுக்கு நீங்க ஒரு பதில் சொல்லணும். அதையும் எழுதி வெச்சிருக்கீங்களா?

— அடுப்புல பால் வெச்சியா?

— பேச்சை மாத்தாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி மாப்பிள்ளை உங்களுக்கு ஒரு லெட்டர் எழுதினார். உங்க பொண்ணைக் கட்டிக்க உங்க சம்மதம் வேணும்னு. அதை வெச்சு என்ன பண்ணீங்க?

— படிச்சேன்.

— சிவப்பு மையில திருத்தி, கீழே முப்பத்தெட்டுன்னு மார்க் போட்டு, திருப்பி அனுப்பினீங்க.

— எட்டுத் தப்பு. சப்ஜெக்ட் ஒருமையில இருக்கு, வெர்ப் பன்மையில இருக்கு. பாத்துட்டு விடச் சொல்றியா?

— சம்மதம்னு ஒரு வார்த்தை எழுதலையே.

— பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. பாஸ்தானே போட்டேன்.

— நல்லா இருக்கு. அங்கேயே கல்யாணத்தைப் பதிவு பண்ணிக்கிட்டு, அன்னிக்கே மாப்பிள்ளை போன் பண்ணி, ஹலோ, எப்படி இருக்கீங்கன்னு கேட்டார். போனைக் காதுல வெச்சிக்கிட்டு நாலு நிமிஷம் நின்னீங்க. அந்தப் பக்கம் மூச்சு சத்தம்தான் கேட்டுதாம்.

— அதுக்கு ரெண்டு மூணு விதமா பதில் இருக்கு. எது பொருத்தம்னு யோசிச்சிட்டிருந்தேன். அவன் அவசரப்பட்டு வெச்சிட்டான்.

— நாலு நிமிஷம் அவசரமா? அன்னிலேர்ந்து ஞாயித்துக்கிழமை போன் அடிச்சாலே மொட்டை மாடிக்கு ஓட்டம். தொட்டியில தண்ணி பாக்கறேன், கொடியில துணி எடுக்கறேன். மத்த ஆறு நாள்ல ஒரு கைக்குட்டை எடுத்து மடிச்சிருப்பீங்களா?

— தப்பாப் பேசறதுக்குப் பேசாமலே இருக்கலாம். அதுல ஒரு கௌரவம் இருக்கு. உனக்கு அது புரியாது.

— உங்க கௌரவத்தால என்ன ஆச்சு தெரியுமா? அவருக்கு எங்களைக் கண்டாலே பிடிக்கலையா, எங்க பையன் என்ன தப்புப் பண்ணினான்னு அந்தம்மா எங்கிட்ட கேட்டாங்க. நம்ம பொண்ணு அங்கே அழுதா. எல்லார் முகமும் மாறிப்போச்சும்மா, அவரே முகம் கொடுத்துப் பேசறதில்லைன்னு. கல்யாணம் ஆகி மூணே மாசம்.

— இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?

— சொல்லி? நீங்க வந்து பேசியிருக்கப் போறீங்களா? வேலையில சேர்ந்த புதுசுல அழுதுக்கிட்டே அவ அனுப்பின மெசேஜ்ல ஸ்பெல்லிங் தப்புன்னு சொன்னவர்தானே நீங்க.

— சரி, அப்புறம் எப்படித் தெளிஞ்சுது?

— தெளிஞ்சுது. இப்பெல்லாம் உங்களைப் பத்திக் கேக்காம அந்தம்மா போனை வைக்கறதில்லை. உங்க பேச்சு எடுத்தாலே உருகறாங்க.

— பாத்தியா. ஒரு மனுஷனோட அருமை தெரியறவங்களுக்குத் தெரியுது. கூட இருக்கறவளுக்குத்தான் தெரியலை.

— ம்.

— பெல் அடிக்குது பாரு.

— வந்துட்டாங்க.

— நீ உள்ளே போ. நான் திறக்கறேன். காலர் சரியா இருக்கா? வி ஹாவ் பீன்... வி ஹாவ்... என்னடி இது, இந்த நேரம் பாத்துத் தொண்டை அடைக்குது.

— அடைக்கட்டும். நல்லதுதான்.

— என்ன நல்லது? வழியை விடு.

— விடறேன். கதவைத் திறங்க, கையைக் கொடுங்க, சிரிங்க. வாயை மட்டும் திறந்துடாதீங்க. தொண்டையில ஆபரேஷன் ஆகி உங்களுக்குப் பேச்சே போயிடுச்சுன்னு நாலு வருஷமா அவங்க நம்பிட்டிருக்காங்க. அப்படிச் சொன்னது நானில்லைங்க, நம்ம பொண்ணு.