அடுத்தடுத்த இரண்டு பகா எண்கள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, சார். காகிதத்தை மடித்து முட்டுக் கொடுத்தால் ஆடாது. தப்பாக நினைக்காதீர்கள், சரிபார்ப்பதுதான் என் தொழில், எதைப் பார்த்தாலும் குறைதான் முதலில் கண்ணில் படும்.

ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்புகளுக்கு எங்கள் அலுவலகம் பூட்டுப் போடுகிறது. பூட்டு என்றால் ஒரு பெரிய எண். எழுதினால் பக்கத்தில் பாதி நிறையும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கி வந்தது அது. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த இரண்டைப் பெருக்கியது என்று தெரிந்தவர்தான் பம்புக்குக் கட்டளை கொடுக்க முடியும். பெருக்குவது நொடி வேலை. பிரிப்பதற்கு ஆயுள் போதாது.

எண்ணை உருவாக்கியவர் என் தங்கையின் கணவர். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவர், எனக்கு முன்னால் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். அன்று அவர்கள் வீட்டில் விருந்து. "இனிமே அண்ணன் உங்களுக்குக் கீழயா?" என்று தங்கை சிரித்தாள். நானும் சிரித்தேன். வயிறு எரிந்தது.

மாப்பிள்ளை அவசரக்காரர். முதல் பகா எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்தார், அது சரி. இரண்டாவதற்கு அலையாமல் அதற்கு அடுத்த பகா எண்ணையே எடுத்துக்கொண்டார். சின்ன எண்ணில் சொல்கிறேன். 143 இருக்கிறது. அதன் வர்க்கமூலம் பன்னிரண்டை ஒட்டி வரும். பன்னிரண்டுக்கு ஒன்று கீழே பதினொன்று, ஒன்று மேலே பதின்மூன்று. பெருக்கினால் 143. எண் எத்தனை பெரிதானாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவரும் வர்க்கமூலத்தின் வாசலிலேயே நிற்பார்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டுவதற்குள் எனக்கு அகப்பட்டுவிட்டார்கள்.

"மச்சான், உங்க கண்ணுக்குத் தப்புமா? நீங்க பார்த்துட்டா நான் திரும்பிப் பார்க்கவே மாட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

'வெளியார் யாராலும் பிரிக்க முடியாத எண்' என்று சான்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

யாராவது உடைப்பார்கள், அவர் மானம் கப்பலேறும் என்று காத்திருந்தேன். ஒருவரும் உடைக்கவில்லை. உலகத்தில் இவ்வளவு சோம்பேறித்தனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் நானே செய்ய வேண்டியதாயிற்று.

குழந்தைகள் வார்டு வேண்டாம் என்று ஒதுக்கினேன். அந்த அளவுக்கு எனக்கு ஈவிரக்கம் உண்டு. கோடிப் படுக்கையில் ஒரு பெரியவர். வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. என் மேஜையில் இருந்தபடியே பம்புக்குக் கட்டளை அனுப்பி வேகத்தைக் கூட்டினேன். நர்ஸம்மா பார்த்துக் குறைத்துவிடுவார், கொஞ்சம் கலவரமாகும், மாப்பிள்ளை தலைகுனிவார். அவ்வளவுதான் என் கணக்கு. நர்ஸம்மா பக்கத்து அறையில் வேறொருவரைத் தூக்கி உட்கார வைத்துக்கொண்டிருந்தாராம்.

பெரியவருக்கு ஒரு மகள் இருந்தாள். "நேத்துகூட நல்லாப் பேசினாரே" என்று எங்கள் அலுவலக வாசலில் நின்று யார் யாரிடமோ கேட்டாள். என்னிடமும் கேட்டாள். நான் பாவி, சார். அதை நான் மறுக்கவில்லை.

பிறகு நடந்ததை நான் நினைத்தும் பார்க்கவில்லை. நீங்கள் பூட்டைப் பழிக்கவில்லை. யாராலும் பிரிக்க முடியாத எண் என்றால், அந்த இரண்டையும் அறிந்தவர் அதை உருவாக்கியவர் ஒருவர்தானே என்று மாப்பிள்ளையைக் கொலைக் குற்றத்தில் பிடித்து வந்தீர்கள். ஆதாரம், என் சான்று. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவரு அப்படிப்பட்டவரா? நீங்களாவது சொல்லுங்கண்ணா" என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தட்டிக் கொடுத்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எண்ணில் இருந்த ஓட்டை அவருடையது. அதில் கைவிட்டு ஒருவரைக் கொன்றவன் நான். பக்கத்து அறையில் இருக்கும் மாப்பிள்ளையை இப்போதே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

தங்கைக்கு மட்டும் இது தெரிய வேண்டாம், சார். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?