நீங்க முன்னால போங்க, சம்பந்தி

கணேசமூர்த்தி: இப்பவும் நீங்களே முன்னால போங்க, சம்பந்தி.

தம்புசாமி: அது எப்படிங்க? வருஷா வருஷம் ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட இந்த மலைக்குளத்துக்கு வர்றவர் நீங்க. காலையிலேருந்து என்னையே முன்னால விடுறீங்க!

கணேசமூர்த்தி: மாப்பிள்ளையோட அப்பா நீங்க! உங்களுக்கு முதுகு காட்டி நடந்தேன்னு தெரிஞ்சா எங்க ஊரு பாச்சாங்ல என்னை ஒரு மனுசனா மதிப்பாங்களா?

அன்னம்மா: யாராச்சும் ஒருத்தர் போங்களேன். இங்க அட்டை என் கால்ல ஏறிப் பசியாறிக்கிட்டு இருக்கு.

தம்புசாமி: சரி... இப்படித்தானே? மூங்கில் பக்கமா?

கணேசமூர்த்தி: உங்களுக்குத் தெரியாததா? பொண்ணு பாக்க வந்தப்ப நீங்களே சொன்னீங்களே, 'அந்தக் குளமா! நான் குளிக்காத குளமா! தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும்'னு.

தம்புசாமி: சொன்னேன்... சொன்னேன். நீங்க குளத்துப் போட்டோ காட்டுனீங்களா, அந்த சந்தோஷத்துல...

அன்னம்மா: அந்தப் போட்டோவா?

கணேசமூர்த்தி: நீ சும்மா இரு.

அன்னம்மா: நான் ஒண்ணும் சொல்லலையே.

தம்புசாமி: பிள்ளைங்க கெட்டிக்காரங்க, கீழ அருவிகிட்டயே உக்காந்துட்டாங்க... இன்னும் எவ்வளவு தூரம், சம்பந்தி?

கணேசமூர்த்தி: உஸ்! மலையில அதை மட்டும் கேக்கக் கூடாது. கேட்டா தூரம் கூடிரும்.

தம்புசாமி: இல்ல, கொஞ்சம் களைப்பா...

கணேசமூர்த்தி: அதையும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது!

அன்னம்மா: வேற என்னதான் பேசலாம்?

கணேசமூர்த்தி: கல்யாணத்தப் பத்திப் பேசலாம்.

தம்புசாமி: அதான் சரி. எங்க புவனேஷுக்கு உங்க திவ்யதர்ஷினி மாதிரி ஒரு பொண்ணு... அங்க பாருங்க! கிளையில ஒரு சிலிப்பர் தொங்குது. நமக்கு முன்னாடியே ஆள் போயிருக்கு. பாதை சரிதான்!

அன்னம்மா: அது இவரோட சிலிப்பர், அண்ணே. வார் அறுந்துபோச்சுன்னு காலையில அங்க மாட்டிட்டுத்தான் சப்பாத்து போட்டாரு. நீங்க முன்னால போயிட்டதுல பாக்கல.

கணேசமூர்த்தி: அப்ப... சுத்திச் சுத்தி...

தம்புசாமி: உங்களுக்கு வழி தெரியும்னுதானே நான் வந்தேன்!

கணேசமூர்த்தி: நீங்கதானே முன்னால நடந்தீங்க!

தம்புசாமி: நீங்க பின்னால இருந்து 'ஆமா, ஆமா'ன்னீங்களே!

கணேசமூர்த்தி: மாப்பிள்ளை வீட்டுக்காரங்கள 'இல்ல'ன்னு எப்படிச் சொல்றது?

அன்னம்மா: ரெண்டு பேரும் உக்காருங்க. நாசி லெமாக் சோத்துப் பொட்டலம் இருக்கு.

தம்புசாமி: சாப்பாடு இருக்கட்டும், தங்கச்சி... சம்பந்தி, ஒண்ணு சொல்றேன். கேட்டுட்டு நீங்க பொண்ணு இல்லன்னாலும் சரி. நான் இந்த மலையில ஏறுனதே கிடையாது. கீழ ரோட்டுல காடியில போயிருக்கேன், அவ்வளவுதான். நீங்க அவ்வளவு பெருமையாப் பேசுனீங்களா, நான் மட்டும் சளைச்சவனான்னு அளந்து விட்டுட்டேன். வெக்கமா இருக்கு.

கணேசமூர்த்தி: அட... என்ன சம்பந்தி நீங்க...

அன்னம்மா: நீங்களும் சொல்லுங்க.

கணேசமூர்த்தி: நான் என்ன சொல்றது?

அன்னம்மா: போட்டோ.

கணேசமூர்த்தி: ...ஆயர் கெரோ ஊர்ல, பார்க்ல இருக்கிற குளம். நானும் இந்த மலைக்கு வந்ததில்ல.

தம்புசாமி: பின்னால மலை தெரிஞ்சுதே!

கணேசமூர்த்தி: ரோடு போடக் கொட்டி வெச்ச மண்ணு.

தம்புசாமி: ஐயோ, சம்பந்தி! சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்குது... அப்ப இங்க குளமே இல்லையா?

அன்னம்மா: இருக்கு, அண்ணே. அந்த வழுக்குப் பாறைக்குப் பின்னாலதான். காலையிலேருந்து ரெண்டு தடவை தாண்டிட்டோம்.

கணேசமூர்த்தி: உனக்கு எப்படித் தெரியும்?

அன்னம்மா: நான் பொறந்தது இந்த அடிவாரத் தோட்டத்துலதானே? கல்யாணத்துக்கு முந்தி லீவு விட்டா எங்களுக்கு இங்கதான் குளியல்.

கணேசமூர்த்தி: இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொன்னியா?

அன்னம்மா: நீங்க எங்க கேட்டீங்க?

தம்புசாமி: அது கெடக்கட்டும், தங்கச்சி. காலையிலேயே சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு எங்கள இந்த அலைச்சல் அலைய விட்டீங்க?

அன்னம்மா: தப்ப ஒத்துக்கத் தெரியாத வீட்டுலயே நான் காலத்த ஓட்டிட்டேன், அண்ணே. எம் பொண்ணு போற வீடாவது எப்படின்னு பாக்க வேணாமா? பாத்தாச்சு, நாள் குறிச்சிருங்க... எந்திரிங்க, நான் முன்னால போறேன்.