குளக்கரைக்கு இறங்கி வந்த தாய்மார்கள்

இந்த இனிய மாலைக்குத் தலைமை தாங்கி, இந்த ஆலயத்தின் கூடத்தையும் அடுப்பங்கரையையும் ஆண்டாண்டு காலமாக எங்களுக்குத் திறந்து வைத்திருக்கும் போதகர் டாலிவர் அவர்களே! சனிக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து எங்களைத் தண்ணீரில் மிதக்க வைத்த பயிற்சியாளர் டெல்ஃபின் ரக்கர் அவர்களே! சீப்பும் கையுமாகவே பிறந்து வந்தாரோ என்று மில்வாக்கியின் வடபகுதியே வியக்கும் முடியலங்கார நிலைய உரிமையாளர் வெர்னெல் கெய்தர் அவர்களே! முன்வரிசையை முழுவதுமாகப் பிடித்து முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! தொப்பியில் தோட்டத்தையே சூடி வந்திருக்கும் தாய்மார்களே! வறுத்த கெளுத்தி மீன் எப்போது வரும் என்று பின்வரிசையிலிருந்து கண்ணாலேயே கேட்கும் என் அருமைப் பிள்ளைகளே! உங்கள் அனைவருக்கும் இந்த ஒண்ட்ரியா டில்லரியின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

"சுருக்கமா முடிம்மா!" என்று ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரல் யாருடையது என்று எனக்குத் தெரியும். போதகர் ஐயா, இத்தனை காலமும் உங்கள் பிரசங்கத்தை நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இன்று ஒரு நாள் என்னை நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்!

நன்றி சொல்ல வந்திருக்கிறேன். நம் 'மீன்கொத்திகள்' நீச்சல் கழகத்துக்கு நன்றி சொல்ல வந்திருக்கிறேன். நன்றி என்ற சொல் நாக்கின் நுனியில் நிற்கிறது. ஆனால் அது புறப்பட்ட இடம் நெஞ்சின் ஆழம். அந்த ஆழத்தைக் காட்டாமல் சொல்லை மட்டும் உதிர்த்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

மிசிசிப்பியில் என் அம்மாவை அடக்கம் செய்த அதே வாரத்தில், ஒரு பெட்டியோடு இந்த ஊருக்கு வந்து இறங்கியவள் நான். பதினான்கு வயது. பேருந்து நிலையத்தில் என் பெரியம்மா எர்னஸ்டின் காத்திருந்தார். சோறு கிடைத்தது, போர்வை கிடைத்தது. பேச ஒரு துணை கிடைத்ததா? பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தேன். வகுப்பே வாய்விட்டுச் சிரித்தது. என் இழுவையான தெற்கத்திப் பேச்சு அவர்களுக்கு வேடிக்கை. "ஏய், மிசிசிப்பி வந்துட்டாடா! இன்னொரு தடவ பேசு, இன்னொரு தடவ!" என்றார்கள். நான் பேசுவதை நிறுத்திவிட்டேன். மதியச் சாப்பாட்டை மாடிப்படிக்கு அடியில் தனியாகத் தின்றேன். என்னைப் போன்ற நிறம்தான், என்னைப் போன்ற முகம்தான், ஆனாலும் அந்தக் கூட்டத்தில் நான் அந்நியமானவள். அன்பர்களே, தனிமைக்கு நிறம் ஏது?

எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில்தான் வெர்னெல் அக்காவின் கடை. ஒருநாள் வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"ஏ பொண்ணே, சனிக்கிழம என்ன பண்ற?"

"ஒண்ணும் இல்லீங்க."

"ஒண்ணும் இல்லாதவங்களுக்குத்தான் அங்க இடம் இருக்கு. துண்டு எடுத்துட்டு வா. நீச்சல்."

நீச்சல்! அந்த ஒரு சொல்லை வீட்டுக்குள் கொண்டுபோனேன். பெரியம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"தண்ணியா? இந்த வீட்டுல தண்ணி குடிக்க, குளிக்க. அதோட சரி. அந்தப் பேச்ச இன்னொரு தடவ எடுத்த, பாத்துக்க!"

காரணம் எனக்குத் தெரியாது. வெர்னெல் அக்கா வீடேறி வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. பெரியம்மாவுக்கு ஒரு தம்பி இருந்தான். ரூஃபஸ் என்று பெயர். அவர்கள் ஊரில் ஒரு நீச்சல் குளம் இருந்தது. வெள்ளைப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்புப் பிள்ளைகளையும் விட வேண்டும் என்று சட்டம் சொன்னது. ஊர்ப் பெரிய மனிதர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திறந்து விட்டார்களா? இல்லை! மண்ணைக் கொட்டினார்கள். குளத்தையே மூடினார்கள். நீலத் தண்ணீர் நின்ற இடத்தில் புல் முளைத்தது. கோடை கொளுத்தியது. பிள்ளைகள் எங்கே போவார்கள்? ஆற்றுக்குப் போனார்கள். ரூஃபஸும் போனான். நீந்தத் தெரியாத ரூஃபஸ் போனான். ரூஃபஸ் திரும்பி வரவில்லை. கரையில் நின்று கத்திய சிறுமிதான் என் பெரியம்மா.

(ஆம், அம்மா. தலையை ஆட்டுகிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஒரு ரூஃபஸ் இருந்திருப்பான். எனக்குப் புரிகிறது.)

வெர்னெல் அக்கா அழவில்லை. அதட்டினார்.

"எர்னஸ்டின், பஸ்ல ஏறினா கடைசி நிறுத்தம் ஏரி. கடல் மாதிரி கெடக்குது. இவ வயசுப் பிள்ளைங்க அங்க போகாம இருக்குமா? நீ தண்ணிய பூட்டி வைக்க முடியாது. இவளுக்கு நீந்தத் தெரியணும், அவ்வளவுதான்."

பெரியம்மாவிடம் இன்னொரு அம்பு மிச்சமிருந்தது. இந்த அரங்கில் இருக்கும் எல்லாத் தாய்மார்களும் எய்த அம்பு! "முடிய யாரு பாக்கறது? ராத்திரி முழுக்க ஒக்காந்து பின்னி விட்டேன். ஞாயித்துக்கிழம சர்ச்சுல நனைஞ்ச கோழி மாதிரி நிப்பாளா?"

சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், சிரியுங்கள். நீங்கள் சொல்லாத வசனமா அது?

"முடி என் பொறுப்பு. உசுரு கோச் பொறுப்பு. வேற என்ன வேணும் ஒனக்கு?"

பெரியம்மா எழுந்து என் துண்டை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "போகட்டும். ஆனா நான் அந்தக் கட்டடத்துக்குள்ள கால் வைக்க மாட்டேன். என்ன யாரும் கூப்பிடக் கூடாது."

அப்படித்தான் நான் மீன்கொத்தி ஆனேன். தண்ணீரில் நான் கற்றதை டெல்ஃபின் கோச் சொல்லுவார். தரையில் நான் கற்றதை நான் சொல்கிறேன். குளத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருப்பார் வெர்னெல் அக்கா. நீந்தி முடித்த பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக உட்காருவோம். குளோரின் வாசனையோடு தேங்காயெண்ணெய் வாசனை கலக்கும். ஒருத்தி தலையை அக்கா பின்ன, அவள் இன்னொருத்தி தலையைப் பின்ன, சங்கிலி மாதிரி சேர்ந்துகொள்வோம். தலை ஒருவர் கையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது அல்லவா? என் வாயும் திறந்தது. என் முடியைப் பிடித்திருந்தவள் ஷலோண்டா. பள்ளியில் என்னை அதிகம் கிண்டல் செய்தவள்.

"ஏ மிசிசிப்பி, ஒங்க ஊர்ல பாம்பு வீட்டுக்குள்ள வருமாமே?"

"வரும். ஒன்ன மாதிரி சத்தம் போடாது, அமைதியா வரும்."

குளக்கரை முழுக்கச் சிரித்தது. முதல் முறையாக அந்தச் சிரிப்புக்குள் நானும் இருந்தேன். அதே பெயர்தான், மிசிசிப்பி! பள்ளியில் அது என்னைத் தள்ளிய கை. அங்கே அது என்னை இழுத்து அணைத்த கை.

இப்போது நான் உங்களை ஒரு போட்டிக்கு அழைத்துப் போகிறேன். ஊருக்கு வெளியே ஒரு பெரிய பள்ளி. பளிங்கு போன்ற குளம். ஆலயத்தின் பேருந்தில் எல்லோரும் போனோம். பெரியம்மாவும் வந்தார். ஏன்? கோழி வறுத்தவர் அவர். தன் கோழியை வேறு ஒருவர் பரிமாற விடமாட்டார்! ஆனால் உள்ளே நுழைந்ததும் நேராக மேல்படிக்கு ஏறி, வெளியே போகும் கதவுக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தண்ணீரைப் பார்க்கவே இல்லை.

கடைசிப் போட்டி, நால்வர் தொடர் நீச்சல். நான் நான்காவது ஆள். அன்று என் முடியைப் பின்னவில்லை. கோச் எங்கிருந்தோ தேடிப் பிடித்த பெரிய தொப்பிக்குள் என் சுருட்டை முடி சுகமாக அடங்கியிருந்தது. நடுவர் ஒருவர் வந்தார். பண்பாகத்தான் பேசினார்.

"இந்தத் தொப்பிக்கு அனுமதி இல்லீங்க. வழக்கமான தொப்பி போட்டா நீந்தலாம்."

"அவ முடி அதுக்குள்ள அடங்காதுங்க," என்றார் கோச்.

"அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்களே."

அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. யாரும் தள்ளவில்லை. மண் கொட்டவில்லை. ஆனாலும் தோழர்களே, மறுபடி ஒரு குளம் மூடப்பட்டது! நான் ஈரத் தரையில் நின்றேன். அந்த மாடிப்படியின் அடியில் மறுபடி போய் ஒளிந்துகொள்ளலாமா என்று தோன்றியது. "நீங்க வேற ஆள வெச்சு நீந்துங்க," என்றேன்.

ஷலோண்டா இடுப்பில் கை வைத்தாள். "மிசிசிப்பி நீந்தலன்னா யாரும் நீந்தல. வாங்கடி, துண்ட எடுங்க."

அப்போது மேலே ஒரு சத்தம். காலணி கழற்றும் சத்தம். திரும்பிப் பார்த்தேன். என் பெரியம்மா எர்னஸ்டின் எழுந்து நிற்கிறார். ஒரு படி இறங்கினார். நின்றார். இன்னொரு படி இறங்கினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு இறங்கினார். தண்ணீரின் பெயரைக் கேட்டாலே கரண்டியை நிறுத்தியவர், தண்ணீரை நோக்கி வந்தார். தம்பியைத் தண்ணீரில் தொலைத்தவர், தண்ணீரின் விளிம்புக்கே வந்தார். வெறுங்காலோடு வந்தார்.

"சீப்பு யாருகிட்ட இருக்கு?" என்றார்.

யாரிடம் இல்லை? படிவரிசை முழுவதும் கைப்பைகள் திறந்தன! சீப்புகள் வந்தன, எண்ணெய் வந்தது, கிளிப்புகள் வந்தன. நம் தாய்மார்கள் அடுக்கடுக்காக இறங்கி வந்தார்கள். அந்தப் பள்ளியின் பிள்ளை ஒருத்தியின் தாய், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, ஓடிவந்து, என் பின்னால் மண்டியிட்ட பெரியம்மாவின் முழங்காலுக்கடியில் தன் துண்டை மடித்துப் போட்டார். அவர் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. எங்கிருந்தாலும் அவருக்கும் என் நன்றி.

ஒருவர் வகிடு எடுத்தார். ஒருவர் எண்ணெய் தொட்டுக் கொடுத்தார். இடப்பக்கம் வெர்னெல் அக்கா, வலப்பக்கம் பெரியம்மா. மண்டையோடு ஒட்டிய பின்னல், வரிவரியாக, உழுத வயல் போல.

"தலைய ஆட்டாதடி."

"பெரியம்மா, தண்ணி பக்கத்துல இருக்கு..."

"தெரியும். எனக்குக் கண்ணு இருக்கு. நீ நேரா பாரு."

நடுவர் மறுபடி வந்தார். "கடைசிப் போட்டிக்குக் கூப்பிட்டாச்சுங்க."

"காதுல விழுந்துச்சு ராசா. கை வேலையா இருக்கு," என்றார் வெர்னெல் அக்கா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

கடைசிப் பின்னல் முடிந்தது. வழக்கமான தொப்பி வழுக்கிக்கொண்டு தலையில் ஏறியது. நடுவர் பார்த்தார், தலையசைத்தார். நாங்கள் நீந்தினோம்! முதலிடமா? இல்லை. இரண்டாமிடமா? இல்லை. கடைசி! ஆமாம் ஐயா, சத்தமாகவே சொல்கிறேன், கடைசி! ஆனால் நான் நீருக்குள்ளிருந்து தலை தூக்கிய ஒவ்வொரு முறையும் ஒரு குரல் கேட்டது. பாவாடை முழங்கால்வரை நனைய, குளத்தோடு கூடவே ஓடிவந்த குரல்.

"கால ஒதைடீ! கால ஒதை! வா, வா, என் தங்கமே, வந்துரு!"

சுவரைத் தொட்டேன். என் முகத்துக்கு நேரே ஒரு கை நீண்டது. அன்று ஆற்றங்கரையில் எட்டாமல் போன கை, என்னை எட்டிப் பிடித்துக் கரையேற்றியது. அவர் அழுதார். நானும் அழுதேன். கடைசியாக வந்த குழுவுக்கு அரங்கமே எழுந்து கைதட்டியது.

திரும்பும் வழியில் பேருந்தில் பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "கோச், பெரியவங்களுக்கு வகுப்பு இருக்கா?"

"இல்லீங்க. நீங்க வந்தா இருக்கு."

இப்படித்தான் தாய்மார் வகுப்பு பிறந்தது. முதல் மாதம் அவர் குளத்துப் படிக்கட்டைவிட்டு நகரவில்லை. பிறகு ஒருநாள் தண்ணீரில் மல்லாந்து படுத்தார்; அவர் முதுகுக்கடியில் என் கை.

"கைய எடுத்துட்டியா?"

"எப்பவோ எடுத்துட்டேன், பெரியம்மா."

"சரி, சரி. சொல்லாத. பேசாம இரு."

அதோ, மூன்றாவது மேசையில் ஊதாத் தொப்பியோடு உட்கார்ந்துகொண்டு, 'என்னைக் காட்டாதே' என்று கைகாட்டுகிறார். காட்டாமல் விடுவேனா? எழுந்திருங்கள் பெரியம்மா! பாருங்கள் அவையோரே, பார்த்துக் கைதட்டுங்கள்! இவர் இன்று ஏரியில் நீந்துகிறார்.

அன்பார்ந்த பெருமக்களே! பிள்ளைகளுக்கு நிகழ்ச்சி நடத்துகிறோம் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். நிகழ்ச்சி எது? குளமா? கடிகாரமா? கோப்பையா? படியில் உட்கார்ந்திருப்பவர் இறங்கி வருவதல்லவா நிகழ்ச்சி! எங்கள் முடியை யாரும் குறையென்று சொல்லாத நாற்காலி அல்லவா நிகழ்ச்சி! "இவள் இல்லையென்றால் நாங்கள் இல்லை" என்று ஒருத்தி துண்டை எடுத்தாளே, அதுவல்லவா நிகழ்ச்சி! இந்தக் கோடையில் நம் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். உயர்ந்த நாற்காலிகளில், சிவப்புச் சட்டையில், ஊர்ப் பிள்ளைகளின் உயிரைக் காத்து உட்கார்ந்திருப்பவர்களில் நம் பிள்ளைகள் எத்தனை பேர்! எல்லா நிறத்துப் பிள்ளைகளையும் காக்கிறார்கள். அவர்களை எண்ணி என் நெஞ்சு விம்முகிறது.

முடிக்கிறேன். போன சனிக்கிழமை நான் நம் கழகத்தின் குளக் கதவைத் திறந்தபோது வெளியே ஒரு சிறுமி நின்றாள். ஊருக்குப் புதிது. சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு கேட்டாள்: "உள்ள விடறதுக்கு யாராவது கூட்டிட்டு வரணுமா?"

"யாரும் வேணாம். துண்டு இருக்கா?"

"இல்ல."

"எங்ககிட்ட இருக்கு. உள்ள வா."

அவள் இப்போது இந்த அரங்கில் இருக்கிறாள். சாப்பாட்டுக்கு முன்பே பீச் பழ இனிப்பில் இரண்டாம் தட்டு ஓடுகிறது. நான் பார்த்துவிட்டேன் கண்ணே, தாராளமாகச் சாப்பிடு! அவளுக்கு இங்கே என்னைத் தவிர யாரையும் தெரியாது. அவையோரே, எனக்காக ஒன்றே ஒன்று செய்யுங்கள். அவள் பெயர் ஜெனாயா. எல்லோரும் சேர்ந்து, இந்தக் கூரை அதிர, அந்தப் பெயரை ஒரு முறை சொல்லுங்கள்!

... ஜெனாயா, கேட்டதாம்மா? இத்தனை பேருக்கும் இனி உன்னைத் தெரியும்.

கற்றுத் தந்த கைகளுக்கு நன்றி. பின்னி விட்ட கைகளுக்கு நன்றி. பயந்துகொண்டே இறங்கி வந்த கால்களுக்குக் கோடி நன்றி. எல்லோருக்கும் என் அன்பும் வணக்கமும். வாருங்கள், மீன் ஆறுவதற்குள் சாப்பிட உட்காருவோம்!