தொட்டியை நிரப்பியவர்

தலைமைப் பொறுப்பைத் தாங்கித் தளராது வீற்றிருக்கும் அருட்திரு இளங்கோ ஐயா அவர்களே, ஆராய்ந்து பேசி அமர்ந்திருக்கும் அருமைப் போதகர்களே, திருவேற்காட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் நெருக்கியடித்து வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தாலும் அமைதியாய்ச் செவிசாய்க்கும் அன்னையரே, ஐயப்பன்தாங்கல் அடுக்ககங்களிலிருந்து வந்து என்னைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருக்கும் இளைய நண்பர்களே, உங்கள் அனைவரையும் ஆண்டவரின் நாமத்தில் வணங்குகிறேன்.

இரட்சிப்புக்கு ஞானஸ்நானம் அவசியமா? இதுதான் இன்றைய கரையான்சாவடிக் கூட்டத்தின் கேள்வி. எனக்கு முன் பேசிய போதகர் அவசியம் என்றார், வசனங்களை அடுக்கினார். அவருக்கு முன் பேசியவர் சிலுவையில் தொங்கிய கள்ளனைக் காட்டினார். அவன் எந்த ஆற்றில் இறங்கினான், எந்தத் தொட்டியில் மூழ்கினான், ஆனாலும் பரதீசுக்குப் போனானே என்றார். இருவருக்கும் கைதட்டினீர்கள். முன்வரிசை அம்மா ஒருவர் இரண்டு பேருக்கும் ஒரே அளவாகத் தட்டினார். சிரிக்காதீர்கள், நானும் அப்படித்தான் தட்டினேன். வாதாட எனக்கு இன்று வாய் வரவில்லை. என் குற்றம் ஒன்றைச் சொல்லவே இந்த மேடையில் ஏறினேன்.

எங்கள் சபை முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபை. ஆலயத்துக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. அதில் குழாய்த் தண்ணீர் வராது, லாரித் தண்ணீர்தான். பதினோரு ஆண்டுகளாக அதை நிரப்பியவர் கஜபதி. திருவேற்காட்டின் பழைய விவசாயக் குடும்பம். நிலம் வீடுகளாகிவிட்டது, மிச்சமிருந்த கிணற்றை நம்பி லாரி வாங்கினார். ஞானஸ்நானத்துக்கு முந்தின நாள் வருவார், குழாயைத் தொட்டிக்குள் விடுவார், நிரம்பும் வரை சுவரில் சாய்ந்து உள்ளே நடக்கும் ஜெபத்தைக் கேட்பார்.

ஒருநாள் என்னிடம் வந்தார். "பாஸ்டரய்யா, எல்லாருக்கும் ஊத்துறேன். எனக்கும் ஒருதபா குடுப்பியா?" என்றார்.

என்ன கேள்வி! எத்தனை எளிய கேள்வி! ஏழை மனம் ஏங்கிக் கேட்ட கேள்வி! அதற்கு இந்த உலகநாதன் என்ன சொன்னான் தெரியுமா? பன்னிரண்டு வார வகுப்புக்கு வாருங்கள், ஒரு வாரம் தவறினாலும் மறுபடி முதலிலிருந்து என்றான். அது எங்கள் சபை விதி. நானே எழுதிய விதி.

எட்டு வாரம் வந்தார். ஒன்பதாவது ஞாயிறு, ஐயப்பன்தாங்கலில் ஓர் அடுக்ககத்தில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை என்று லாரியை ஓட்டிப் போனார். பதிவேட்டில் 'வரவில்லை' என்று சுழித்தேன். முதலிலிருந்து வந்தார். பதினோராவது வாரம், ஒரு மருத்துவமனைத் தொட்டி வற்றிவிட்டது. மறுபடியும் சுழித்தேன். மூன்றாம் முறையும் முதல் வாரத்துக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை ஐயா, ஒரு முனகல் இல்லை.

பின்னால் யாரோ "அநியாயம்" என்கிறீர்கள். ஆமாம் அம்மா, அநியாயம்தான். அன்று எனக்கு அது ஒழுங்காகத் தெரிந்தது.

மூன்றாம் முறை பத்து வாரம் முடித்தார். அந்தச் சனிக்கிழமை, மறுநாள் ஒன்பது பேருக்கு ஞானஸ்நானம் என்று தொட்டியை நிரப்ப வந்தார். நிரப்பினார். வால்வை மூடினார். லாரிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தார், நெஞ்சைப் பிடித்தார். ஆட்டோவில் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் பிரிந்தது.

அவர் மனைவி எல்லம்மா எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்லர். அன்றிரவு துக்க வீட்டில், உறவினர் அத்தனை பேர் முன்னாலும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாஸ்டரய்யா, நீங்க இன்னும் அவருக்குத் தண்ணி குடுக்கல. இப்ப அவரு எங்க கீறாரு?"

முப்பது ஆண்டு பிரசங்கித்த நான், அன்பர்களே, தலைகுனிந்து திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை தொட்டியில் இறங்கினேன். இடுப்பளவு தண்ணீர். கஜபதி கடைசியாக ஊற்றிய தண்ணீர். முதல் ஆளை முழுக்கி எடுக்கும்போது ஒன்று உறைத்தது. பதினோரு ஆண்டில் நான் முழுக்கிய ஒவ்வொருவரும் இவர் சுமந்து வந்த தண்ணீரில்தானே முழுகினார்கள்? தாகத்துக்கு ஒரு கலசம் தண்ணீர் கொடுத்தவனையும் மறவாத தேவன், இந்த மனிதனை மறப்பாரா? கேட்டுக்கேட்டு நின்றவனை, கதவருகே காத்து நின்றவனை, என் பதிவேட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்புவாரா? அந்தத் தண்ணீருக்குள் எனக்குப் பயம் வந்தது. நான் பூட்டிவிட்டதாக நினைத்த கதவுக்குள் தேவன் எப்போதோ கஜபதியை அழைத்துக்கொண்டார் என்று விளங்கியபோது, அந்த மகா இரக்கத்தை நினைத்து, ஒன்பது பேரையும் அழுதபடியேதான் முழுக்கி எடுத்தேன்.

மாலையில் அடக்கத்தின்போது எல்லம்மாவிடம் சொன்னேன்: "அம்மா, அவர் ஆண்டவரோடு இருக்கிறார்."

சும்மா விட்டாரா அந்த அம்மா? "தண்ணி இல்லாமலே சேத்துக்குனாருன்னா, அப்புறம் தண்ணி எதுக்கு?" என்றார். இப்போது சொல்லுங்கள் போதகர்களே, இந்தக் கேள்விக்கு நம்மில் யாரிடம் பதில் இருக்கிறது?

வழக்கமாக ஞாயிறு மாலையே தொட்டியைத் திறந்து தென்னைக்கு விட்டுவிடுவோம். அந்த வாரம் அடைப்பைப் பிடுங்க எனக்குக் கை வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன். அடுத்த சனிக்கிழமை எல்லம்மா வந்தார்.

"அவரு ஊத்துன தண்ணி கீதா?"

"இருக்கிறதம்மா."

"அதுல எனக்குக் குடுங்க. வகுப்பு கிகுப்புன்னு சொல்லாதீங்க. அவரு வந்த இருபத்தெட்டு வாரமும் நான் வெளிய லாரில குந்திகினு ஸ்பீக்கர்ல கேட்டுகினுதான் இருந்தேன். திரும்பத் திரும்ப முதல்லேர்ந்து போறியே, வெக்கமா இல்லியான்னு ஒருநாள் கேட்டேன். கூப்புட்டவரு ஆண்டவரு, போவாம எப்டிடீன்னாரு. என்னையும் கூப்புட்டாரு பாஸ்டரய்யா. அதான் வந்தேன்."

தலைவர் அவர்களே, இந்த மேடையின் கேள்விக்கு விடை அதுதான். தேவன் தண்ணீரால் கட்டுப்பட்டவர் அல்லர். தொட்டி வற்றினாலும் அவர் கை வற்றாது. ஆனால் அழைப்பைக் கேட்டவருக்கு அந்தத் தண்ணீரண்டை வராமல் இருக்க முடியாது. எல்லம்மா உடுத்திய சேலையோடு இறங்கினார். முழுக்கி எடுத்தேன். கரையேறியதும் ஈரக் கையால் தொட்டிச் சுவரை ஒருமுறை தடவிக்கொடுத்தார். பிறகு அவரே குனிந்து அடைப்பைப் பிடுங்கினார். தென்னை வரை தண்ணீர் ஓடுவதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஞானஸ்நானம் அவசியமா என்று இனி என்னை யாரும் கேட்க வேண்டாம். கேட்டு வந்தவரை நிறுத்திவைத்த உலகநாதன் அவசியமா என்று கேளுங்கள். வெட்கத்தோடு பதில் சொல்கிறேன்.

பேச இடம் தந்த தலைவருக்கும், பேருந்து இரைச்சலையும் பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் என் நன்றி. இப்போது லாரியை எல்லம்மாதான் ஆள் வைத்து ஓட்டுகிறார். இந்த வாரமும் தொட்டி நிரம்பியிருக்கிறது. வகுப்பு உண்டு, பதிவேடு இல்லை. வணக்கம்.